ஊசி போட்ட இடத்தில் ஒரு கட்டி

— இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (வேதியியல்) மாணவன்

என் தந்தையார் முடிதிருத்தும் தொழிலாளர். அவருடைய கடையில் கண்ணாடிக்குக் கீழே ஒரு பீங்கான் கிண்ணத்தில் எந்நாளும் ஒரு வெள்ளைக் கல் இருக்கும். சவரம் முடிந்ததும் அதைத் தண்ணீரில் நனைத்து வாடிக்கையாளரின் கன்னத்தில் தேய்ப்பார். கத்தி பட்ட கீறலில் கசியும் இரத்தம் சட்டென்று நின்றுவிடும். அந்தக் கல்தான் படிகாரம். அது பொட்டாசியமும் அலுமினியமும் கலந்த ஓர் இரட்டை உப்பு என்பது, எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய நான் இங்கு வந்த பிறகே அறிந்துகொண்ட செய்தி.

அதே அலுமினியம் நம் குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசி மருந்திலும் இருக்கிறது என்பதையோ, அது சில குழந்தைகளின் தோலுக்கடியில் ஒரு தொல்லையை உண்டாக்குகிறது என்பதையோ எனக்குக் கற்பித்தது வகுப்பறை அன்று. என் அக்காள் வீட்டுத் திண்ணையே ஆகும்.

திண்ணையில் கேட்ட கேள்வி

சென்ற ஆண்டு தீபாவளிக்கு அக்காள் வீட்டிற்குச் சென்றிருந்தேன். அக்காளின் மகனுக்கு அப்போது ஒன்றேகால் வயது. அவனுடைய இடது தொடையில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. வலி இல்லை, சீழ் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஆனால் குழந்தை அந்த இடத்தையே சொறிந்துகொண்டிருந்தான். மேல்தோல் கறுத்து, அதன்மீது மெல்லிய முடிகூட வளர்ந்திருந்தது. சளி பிடித்துவிட்டால் அரிப்பு அதிகமாகி இரவெல்லாம் தூங்குவதில்லை என்றாள் அக்காள். மூன்றரை மாதத்தில் தடுப்பூசி போட்ட அதே இடம் அது.

அக்காளின் மாமியார் முடிவாகச் சொல்லிவிட்டார்: "இனிமே என் பேரனுக்கு ஊசியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அந்த நர்சம்மா வந்தா நான் பேசிக்கிறேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "ஏன் தம்பி, நீதான் காலேஜில கெமிஸ்ட்ரி படிக்கிறியே, இது என்னன்னு நீயே சொல்லு" என்றார்.

நான் வாய் திறக்கவில்லை. எனக்குத் தெரியவில்லை. அந்த வெட்கத்திற்கு மேல் இன்னொன்றும் நேர்ந்தது. நகரிலுள்ள ஒரு மருத்துவமனையில் கட்டியைக் காட்டியபோது, "அறுத்தெடுத்துச் சோதித்தால்தான் சொல்ல முடியும்" என்று சொல்லி, ஒரு பெருந்தொகையையும் குறிப்பிட்டிருக்கிறார்கள். அக்காள் தன் காதுத் தோட்டை அடகு வைக்க எடுத்துக் கட்டி வைத்திருந்தாள்.

கல்லூரி திறந்ததும் நூலகத்தில் தேடினேன். விலங்கியல் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் சென்று பாடம் கேட்டேன். அவ்வாறு நான் அறிந்தவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தடுப்பூசியில் அலுமினியம் எதற்கு?

தடுப்பூசி என்பது நோய்க்கிருமியின் ஆற்றலிழந்த உருவத்தையோ, அதன் ஒரு பகுதியையோ, அல்லது நச்சுத்தன்மை நீக்கப்பட்ட அதன் நஞ்சையோ உடலுக்கு அறிமுகம் செய்து வைப்பதாகும். தொண்டை அடைப்பான், இரண ஜன்னி ஆகிய இரண்டிற்கும் மூன்றாவது முறையையே கையாள்கிறார்கள். இவ்வாறு பக்குவப்படுத்தப்பட்ட நஞ்சுக்கு டாக்ஸாய்டு என்று பெயர். ஆனால் டாக்ஸாய்டைத் தனியே செலுத்தினால் உடல் அதனைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. தூங்குகிறவனைத் தட்டியெழுப்ப ஒரு கை வேண்டியிருப்பதுபோல, இங்கும் ஒரு துணைப்பொருள் வேண்டியிருக்கிறது.

இதனை முதலில் உணர்ந்தவர் பிரான்சு நாட்டின் காஸ்டன் ராமோன். நஞ்சுமுறி மருந்து தயாரிப்பதற்காகக் குதிரைகளுக்கு ஊசி போட்டு வந்த அவர், ஊசி போட்ட இடம் வீங்கிக் கட்டிகொண்ட குதிரைகளின் இரத்தத்தில் நஞ்சுமுறி அதிகமாக இருப்பதைக் கண்டார். உடனே, டாக்ஸாய்டோடு வேறு பொருள்களையும் கலந்து, வேண்டுமென்றே அவ்வீக்கத்தை உண்டாக்கிப் பார்த்தார். 1925ஆம் ஆண்டையொட்டி அவர் இதற்குப் பயன்படுத்திய பொருள்களுள் ஒன்று மரவள்ளிக் கிழங்கின் மாவு என்று படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. நம் ஊர் ஜவ்வரிசிக்கும் தடுப்பூசி வரலாற்றுக்கும் இப்படி ஓர் உறவு!

அடுத்த ஆண்டு, அதாவது 1926இல், இங்கிலாந்தின் அலெக்சாண்டர் கிளென்னியும் அவருடன் பணியாற்றியவர்களும் டாக்ஸாய்டில் படிகாரத்தைச் சேர்த்தார்கள். வெண்மையான வீழ்படிவு ஒன்று கிடைத்தது. அதனைக் கினிப்பன்றிகளுக்குச் செலுத்தியபோது, வெறும் டாக்ஸாய்டைவிட மிகுதியான எதிர்ப்பாற்றல் உண்டாயிற்று. அன்று தொடங்கிய அலுமினியத்தின் பணி இன்றளவும் தொடர்கிறது.

நண்பர்களே, நம் செய்முறை வகுப்பை இங்கே நினைவுகூருங்கள். மூன்றாம் தொகுதியில், அம்மோனியம் குளோரைடோடு அம்மோனியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்தவுடன் சோதனைக்குழாயில் கஞ்சிப்பசைபோல ஒரு வெண்ணிற வீழ்படிவு மிதக்கிறதல்லவா? அதுதான் அலுமினியம் ஹைட்ராக்சைடு. கலங்கிய குடத்து நீரில் படிகாரத்தைச் சுற்றினால் சேறு அடியில் படிவதும் இதே பொருளால்தான். அப்பசை தன் பரப்பில் சேற்றுத் துகள்களைப் பற்றிக்கொண்டு கீழிறங்குகிறது. தடுப்பூசி மருந்திலும் அஃதே. சேற்றுக்குப் பதிலாக டாக்ஸாய்டைப் பற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். இதற்குப் பரப்புக்கவர்ச்சி என்று பெயர். மருந்துக் குப்பியைக் குலுக்கினால் பால்போல வெளுப்பாக இருப்பதன் காரணம் இதுவே.

முத்தடுப்பு ஊசி, ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட், பி வகை மஞ்சள் காமாலைக்கான ஊசி, இரண ஜன்னி ஊசி, நியூமோகாக்கல் ஊசி ஆகியவற்றில் அலுமினியம் ஹைட்ராக்சைடோ அலுமினியம் பாஸ்பேட்டோ இருக்கிறது. 2021இல் நம் நாட்டில் போடத் தொடங்கிய கோவாக்சினிலும் இருந்தது, கோவிஷீல்டில் இல்லை. பிறந்தவுடன் இடது தோளில் போடும் பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, தட்டம்மை ஊசி ஆகிய உயிருள்ள கிருமி மருந்துகளிலும் இல்லை. அளவு மிகச் சிறியது. ஒரு தடவைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவு.

எவ்வாறு வேலை செய்கிறது?

அலுமினியப் பசை மருந்தை ஓரிடத்தில் பிடித்து வைத்துக்கொண்டு சிறிது சிறிதாக வெளிவிடுகிறது. அதனால் உடலுக்கு நீண்ட பயிற்சி கிடைக்கிறது என்று கிளென்னி கருதினார். நெடுநாள் எல்லாரும் இதனையே நம்பினர். ஆனால் 2012இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சுண்டெலிகளுக்கு ஊசி போட்ட இரண்டே மணி நேரத்தில் அந்த இடத்தையே அகற்றிவிட்டபோதும் எதிர்ப்பாற்றல் குறையவில்லை! எனவே பிடித்து வைப்பது மட்டும் காரணமன்று என்று தெளிவாயிற்று. அலுமினியத் துகள்களை விழுங்கும் வெள்ளணுக்களுக்குள் ஓர் அபாயச் சங்கு ஊதப்படுகிறது என்று 2008ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சிகள் காட்டின. அச்சங்கொலியே வேறு அணுக்களைத் திரட்டுகிறது. அச்சங்குக்கு இதில் எத்துணைப் பங்கு என்பதில் இன்னும் விஞ்ஞானிகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. நூறாண்டுகளாகப் பயன்படும் ஒரு பொருளைப் பற்றியே இன்னும் விவாதம் நடக்கிறது என்பது நம்மைப் போன்ற மாணவர்களுக்கு ஊக்கம் தரும் செய்தி அல்லவா?

தோலில் தோன்றும் விளைவுகள்

இனி நம் பொருளுக்கு வருவோம். விளைவுகளை மூவகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, ஊசி போட்ட ஓரிரு நாட்களில் தோன்றும் சிவப்பு, வீக்கம், வலி. இது மிகவும் பொதுவானது, தானே மறையும். உடல் பாடம் படிக்கத் தொடங்கியதன் அடையாளம் இது.

இரண்டாவது, கிருமி இல்லாத சீழ்க்கட்டி. இது அரிது.

மூன்றாவதே அக்காள் மகனுக்கு வந்தது. ஊசி போட்டுச் சில வாரங்களோ மாதங்களோ சென்ற பின், தோலுக்கடியில் ஒரு கெட்டியான முடிச்சு தோன்றும். அரிப்பே இதன் முதன்மையான அடையாளம். மேல்தோல் கறுக்கலாம், முடி வளரலாம், சொறிந்து சொறிந்து படைபோல் ஆகலாம். முடிச்சுக்குள் இருப்பவை அலுமினியத் துகள்களை விழுங்கிவிட்டுச் செரிக்க முடியாமல் அங்கேயே தங்கிவிட்ட வெள்ளணுக்களும், அவற்றைச் சூழ்ந்து நிற்கும் பிற அணுக்களுமே. இதனை மருத்துவர்கள் கிரானுலோமா என்கிறார்கள். இது புற்றுநோய் அன்று. புற்றுநோயாக மாறுவதும் அன்று.

கோத்தன்பர்க் நகரத்துக் குழந்தைகள்

இந்த முடிச்சுகளைப் பற்றி உலகம் விரிவாக அறிந்துகொண்டது ஸ்வீடன் நாட்டின் கோத்தன்பர்க் நகரத்திலிருந்து. அந்த நாடு 1979இல் கக்குவான் இருமல் தடுப்பூசியை நிறுத்திவிட்டது. விளைவு? கக்குவான் இருமல் மீண்டும் குழந்தைகளிடையே பரவியது. ஆகவே 1990களில் புதிய ஊசிகளைச் சோதித்தறியும் பணி அங்கே பெரிய அளவில் நடைபெற்றது. ஊசி பெற்ற குழந்தைகளைப் பல்லாண்டுகள் கவனமாகப் பின்தொடர்ந்த மருத்துவர்கள், எதிர்பாராத ஒன்றைக் கண்டு 2003இல் வெளியிட்டார்கள்.

ஏறத்தாழ 76,000 பேரில் 645 குழந்தைகளுக்கு அரிக்கும் முடிச்சுகள் இருந்தன. அதாவது ஆயிரத்திற்கு எட்டுப் பேர். தோலுக்கடியில் ஊசி போட்டவர்களுக்கும் வந்தது. தசையில் போட்டவர்களுக்கும் வந்தது. சளி, காய்ச்சல் வந்தபோது அரிப்பு மிகுந்தது. சராசரியாக நான்காண்டுகள் கழிந்த பின்னும் நூற்றுக்கு 75 பேருக்குத் தொல்லை நீடித்தது. இந்த வரிகளைப் படித்தபோது, எங்கோ வடதுருவத்தை அடுத்த நாட்டின் தாய்மார்களும் என் அக்காளைப் போலவே இரவில் விழித்திருந்தார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

பின்னர் வேறு நிறுவனங்களின் ஊசிகளை வைத்து அதே நாட்டில் செய்த ஆய்விலும், நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே இது காணப்பட்டது.

காலித் தகடு சொன்ன உண்மை

அரிப்பு ஏன்? முடிச்சு உள்ள குழந்தைகளின் முதுகில் ஒட்டுச் சோதனை செய்தார்கள். ஐயத்திற்குரிய பொருளை ஒரு சிறு வட்டத் தகட்டில் தடவி, இரண்டு நாள் முதுகில் ஒட்டி வைத்துப் பின்னர் எடுத்துப் பார்ப்பது இச்சோதனை. அந்த இடம் சிவந்து தடித்தால் அப்பொருள் அவருக்கு ஒவ்வாது என்று பொருள். அலுமினியம் குளோரைடு தடவிய இடம் பலருக்குத் தடித்தது. வேடிக்கை என்னவென்றால், இச்சோதனைக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் தகடே அலுமினியத்தால் ஆனது! ஆகவே அக்குழந்தைகளுள் சிலருக்கு ஒன்றுமே தடவாத காலித் தகடு ஒட்டிய இடமும் தடித்தது. எந்தப் பொருளையும் தாங்கிப் பிடிக்கும் சாதுவான தகடு என்று எண்ணியிருந்ததே குற்றவாளியாக வந்து நின்றது.

முடிச்சு உள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 77 பேருக்கு இந்த ஒவ்வாமை இருந்தது. அதே ஊசிகளைப் போட்டும் முடிச்சு வராத அவர்களுடைய உடன்பிறந்தோரில் நூற்றுக்கு 8 பேருக்கே இருந்தது. இது உடனே மூச்சுத் திணறச் செய்யும் ஒவ்வாமை வகையன்று; நாட்கணக்கில் மெதுவாகத் தோலில் வெளிப்படும் தாமத வகை. 2022ஆம் ஆண்டில் அமெரிக்கத் தோல் ஒவ்வாமை வல்லுநர் சங்கம் அலுமினியத்தை அவ்வாண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்துக் கவனத்தை ஈர்த்தது.

ஆறுதலான செய்தியும் உண்டு. அதே கோத்தன்பர்க் குழந்தைகளுள் பலரை ஐந்து முதல் ஒன்பது ஆண்டுகள் கழித்து மீண்டும் சோதித்தபோது, முக்கால் பங்கினருக்கும் மேற்பட்டோரிடம் ஒவ்வாமை காணப்படவில்லை. 2013இல் வெளியான இம்முடிவு ஆராய்ச்சியாளர்களே எதிர்பாராதது. முடிச்சும் காலப்போக்கில் கரைந்து விடுகிறது.

அப்பாவின் ஐயம்

இவற்றையெல்லாம் வீட்டில் விளக்கியபோது அப்பா ஒரு கேள்வி கேட்டார். "நாப்பது வருசமா இந்தக் கல்லைத் தேய்க்கிறேன். ஒருத்தர் கன்னத்திலயாவது கட்டி வந்திருக்கா? என் கையைப் பாரு."

நல்ல கேள்வி. நம் தோலின் வெளிப்புறம் இறந்த அணுக்களால் ஆன ஒரு கோட்டைச் சுவர். படிகாரம் அச்சுவரையும், கீறலில் கசியும் இரத்தத்தின் புரதத்தையும் தொட்டு, அவற்றை இறுகச் செய்துவிட்டுக் கழுவும்போது போய்விடுகிறது. ஊசியோ சுவரைத் தாண்டி, காவலர்கள் குடியிருக்கும் ஊருக்குள்ளேயே பொருளைக் கொண்டுபோய் வைக்கிறது. வாசலில் வந்துபோகும் ஆளுக்கும் வீட்டுக்குள் தங்கிவிட்ட ஆளுக்கும் உள்ள வேறுபாடு இது. சமையல் பாத்திரத்தின் உலோக அலுமினியமும் தன்மேல் தானே ஓர் ஆக்சைடுப் போர்வையைப் போர்த்திக்கொண்டிருப்பதால் தோலை அவ்வளவாகத் தொல்லைப்படுத்துவதில்லை. ஆயினும், ஏற்கெனவே ஒவ்வாமை உண்டானவர்கள் அலுமினிய உப்புக் கலந்த வியர்வைத் தடுப்பான்களைத் தவிர்ப்பது நல்லது.

நாம் செய்ய வேண்டுவன

ஊசி போட்ட ஓரிரு நாளில் அந்த இடம் கொதித்து, சீழ் கட்டி, காய்ச்சலும் தொடர்ந்தால் அது வேறு. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாதக்கணக்கில் நிற்கும் வலியற்ற அரிக்கும் முடிச்சானால், தடுப்பூசி அட்டையையும் எடுத்துச் சென்று, "ஊசி போட்ட இடம் இதுதான்" என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியம் தேவையற்ற அறுவையைத் தடுக்கும். சூடு வைப்பதும் கீறிப் பார்ப்பதும் கூடவே கூடாது. அரிப்பைத் தணிக்கக் களிம்புகள் உண்டு. நகத்தை ஒட்ட வெட்டி வைத்தாலே பாதித் தொல்லை குறையும்.

அடுத்த ஊசியை நிறுத்தலாமா? நிறுத்தக் கூடாது. தசையில் ஆழமாகப் போட்டால் இத்தகைய தொல்லை குறைவு என்பதால் செவிலியரிடமும் செய்தியைச் சொல்ல வேண்டும். முடிச்சு ஒரு தொல்லை. தொண்டை அடைப்பான் ஓர் உயிர்ப்பகை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. கக்குவான் ஊசியை நிறுத்திய ஸ்வீடனின் அனுபவமே நமக்குச் சான்று.

திண்ணையில் தந்த விடை

பேராசிரியர் சொன்னபடி, குழந்தையை அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அக்காளும் நானும் எடுத்துச் சென்றோம். மருத்துவர் தொட்டுப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், அறுக்கத் தேவையில்லை என்றார். களிம்பு எழுதிக் கொடுத்தார். அக்காளின் தோடு அவள் காதிலேயே இருந்தது.

பிறகு அக்காளின் மாமியாரிடம் சென்று உட்கார்ந்தேன். அலுமினியம், வெள்ளணு என்றெல்லாம் பேசவில்லை. "அத்தை, எங்கப்பா கடைக் கல்லு மருந்தோட கொஞ்சம் கலந்திருக்கு. மருந்தைப் பிடிச்சு நிறுத்தறதுக்கு அது வேணும். சில பிள்ளைங்களுக்கு அது ஒத்துக்காம அரிக்கும். நீங்க பயந்தது பொய் இல்லை. கட்டி ஊசியாலதான் வந்தது. ஆனா அது கரைஞ்சிடும், தொண்டை அடைப்பான் வந்தா பிள்ளையைத் திருப்பிக் கேக்க முடியாது" என்றேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "கட்டி ஊசியாலதான்னு இத்தனை நாளா ஒருத்தரும் ஒத்துக்கலையே தம்பி. அதுதான் எனக்குக் கோவம்" என்றார். அந்தச் சொல் என்னைச் சுட்டது. மக்கள் விஞ்ஞானத்தைக் கண்டு அஞ்சுவதற்கு அவர்களுடைய அறியாமை மட்டுமே காரணமன்று. அவர்கள் கண்ணால் கண்டதை நாம் இல்லையென்று சொல்வதும் ஒரு காரணம் என்பதை அன்று கற்றேன். தொல்லையை ஒப்புக்கொண்டு, அதன் அளவையும் சொல்லி, அதன் பிறகு நன்மையைச் சொன்னால் கேட்பவர்கள் கேட்கிறார்கள்.

ஒன்றரை வயது முடிந்து வந்த முதல் புதன்கிழமை, பேரனைத் தூக்கிக்கொண்டு நர்சம்மாவிடம் சென்றவர் அவர்தான். வலது தொடையில் ஊசி போடப்பட்டது. இடது தொடையின் முடிச்சு இன்னும் முழுதாகக் கரையவில்லை. இந்த மார்கழிப் பனியில் சளி பிடித்தபோது குழந்தை மீண்டும் சொறிந்தான். ஆனால் வீட்டில் எவரும் அஞ்சவில்லை. அது என்னவென்று இப்போது எல்லாருக்கும் தெரியும்.

நாம் சோதனைக்குழாயில் காணும் வீழ்படிவு ஒவ்வொன்றும் எங்கோ ஒரு வீட்டின் திண்ணைவரை செல்கிறது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்திருக்கும் நம்மிடம் அத்திண்ணைகள் கேள்வி கேட்கும். அப்போது வெட்கித் தலைகுனியாமல், தெரிந்துகொண்டு வந்து விடை சொல்வோமாக!